பல திட்டங்களைக் கிளவுடில் ஒன்றாக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அலுவலகச் சர்வர்களில் ஆண்டுக்கணக்கில் கிடந்த சப்வெர்ஷன், கிட்லேப் களஞ்சியங்களையும் (நிரலையும் அதன் மாற்ற வரலாற்றையும் சேமித்து வைக்கும் இடங்கள்) அவற்றோடு ஒட்டிய டிக்கெட்டுகளையும் (பிழைகள், பணிகள் பற்றிய எண்ணிட்ட குறிப்புகள்) இணையத்தில் உள்ள கிட்ஹப் போன்ற ஓரிடத்துக்குக் கொண்டுவரும் பணியில் புதிதாக இறங்குவோரைக் கவனித்தால், என் தலைமுறையினர் செய்து சலித்த தவறுகளே மறுபடியும் நடப்பது தெரிகிறது. காப்புப் பிரதி எடுக்க வேண்டும், கடவுச்சொற்களை நிரலோடு ஏற்றக் கூடாது என்பவை எவரும் அறிந்தவை. அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

டிக்கெட் எண்களைக் கண்டுகொள்ளாமல் விடுதல்

இன்றும் எனக்கு எரிச்சலூட்டும் தவறு இதுதான். கமிட் (நிரலில் செய்த ஒரு மாற்றத்தின் பதிவு) செய்திகளில் ‘#212-இன்படி திருத்தப்பட்டது’ என்று எழுதுவது எல்லாக் குழுக்களிலும் உள்ள வழக்கம். மூன்று திட்டங்களை ஒன்றாக்கினால் மூன்றிலும் ஒரு 212 இருக்கும். ஒரே ஒரு திட்டத்தை மாற்றினாலும் எண்கள் நிலைப்பதில்லை. கிட்லேப் டிக்கெட்டுகளுக்கும் மெர்ஜ் ரிக்வெஸ்ட்டுகளுக்கும் (ஒரு மாற்றத்தை நிரலோடு இணைக்கக் கேட்கும் கோரிக்கைகள்) தனித்தனி எண்வரிசை வைத்திருக்க, கிட்ஹப் இரண்டுக்கும் ஒரே வரிசையைப் பயன்படுத்துகிறது. இணைப்பு அறுந்து போயிருந்தால்கூடப் பரவாயில்லை, பார்ப்பவர் எச்சரிக்கையாகிவிடுவார். இங்கே இணைப்பு ஒழுங்காகவே திறக்கிறது, தொடர்பில்லாத வேறொரு டிக்கெட்டுக்கு.

எனக்குத் தெரிந்த ஒரு குழுவில், வரித்தொகையை முழு எண்ணாக்கும் ஒரு வரி எதற்காக எழுதப்பட்டது என்று அறியப் புதிய நிரலாளர் ஒருவர் அதன் வரலாற்றைத் தேடினார். கமிட் காட்டிய எண்ணை அழுத்தியதும், உள்நுழைவுப் பக்கத்தின் பொத்தான் நிறம் பற்றிய டிக்கெட் வந்தது. யாரோ தவறுதலாகச் சேர்த்த வரி என்று முடிவுகட்டி அதை நீக்கிவிட்டார். வாடிக்கையாளர்களுக்குப் போன பில்களில் தொகை பிசகிய பிறகுதான், அந்த வரியைக் கேட்டு வாங்கியதே கணக்குப் பிரிவு என்பது பழைய சர்வரின் காப்புப் பிரதியிலிருந்து தெரியவந்தது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. செய்ய வேண்டியபடி வரலாற்றைப் பார்த்துவிட்டுத்தான் அவர் கை வைத்தார்.

இதைப் பிறகு சரிசெய்துகொள்ளலாம் என்று சொல்பவர்களுக்குக் கிட்லேப், கிட்ஹப் இரண்டுக்கும் அடிப்படையான கிட் கருவியின் அமைப்பு புரியவில்லை என்றே கொள்ள வேண்டும். கமிட்டின் ஹாஷ், அதாவது அதன் அடையாளக் குறி, அதன் செய்தியையும் முந்தைய கமிட்டின் ஹாஷையும் சேர்த்தே கணக்கிடப்படுவதால், பழைய செய்தி ஒன்றில் ஓர் எழுத்தை மாற்றினாலும் அதற்குப் பின்வரும் கமிட்டுகள் அனைத்தின் ஹாஷும் மாறிவிடும். எல்லோரும் பிரதி எடுத்து வேலையைத் தொடங்கிய பின் அதற்கு எவரும் சம்மதிக்க மாட்டார்கள்.

ஆகவே மாற்றத்துக்கு முன்பே வரலாற்றைத் திருத்தி எழுதும் கிட் ஃபில்டர்-ரெப்போ கருவியால் செய்திகளில் உள்ள ‘#212’ என்பதைப் ‘பில்லிங்-212’ என்பதுபோலத் திட்டப் பெயர் சேர்த்து மாற்றிவிட வேண்டும். புதிய டிக்கெட்டின் தலைப்பிலும் அதே பழைய எண்ணைச் சேர்த்துவிட்டால் தேடியவுடன் கிடைத்துவிடும். புதிய எண்ணையே செய்தியில் எழுதுவதைவிட எனக்கு இதுதான் பிடிக்கும். ‘ஃபிக்ஸஸ் #12’ போன்ற சொற்றொடர் முதன்மைக் கிளைக்குள் வந்ததும் அந்த எண்ணுள்ள டிக்கெட்டைக் கிட்ஹப் தானாக மூடிவிடக்கூடும். முன்னொட்டு சேர்ந்தால் அந்தத் தொல்லையும் இல்லை. ஆனால் #333 என்பது வெறும் நிறக் குறியீடாகவும் இருக்கலாம் என்பதால், மாற்றப்போகும் செய்திகளின் பட்டியலை ஒருமுறை கண்ணால் படித்துவிடுங்கள். டிக்கெட் உரைகளுக்குள் பழைய ஹாஷ்கள் இருந்தால், அந்தக் கருவி விட்டுச்செல்லும் கமிட்-மேப் கோப்பை (பழைய ஹாஷுக்குப் புதியது எது என்ற பட்டியல்) கொண்டு அவற்றையும் திருத்தலாம்.

சப்வெர்ஷனிலிருந்து வருவோருக்கு இதே சிக்கல் ரிவிஷன் எண் (ஒவ்வொரு மாற்றத்துக்கும் சப்வெர்ஷன் தரும் வரிசை எண்) வடிவில் வரும். செய்திகள் அழகாக இருக்கட்டும் என்று சப்வெர்ஷன் வரலாற்றைக் கிட்டுக்கு மாற்றும் கிட்-எஸ்விஎன்னில் நோ-மெட்டாடேட்டா தெரிவைச் சேர்த்துவிட்டால், ‘ஆர்2314-ஐப் பார்க்கவும்’ என்ற குறிப்பு எந்தக் கமிட்டைச் சொல்கிறது என்பதைக் காட்டும் வரி எங்கும் இருக்காது.

பயனர் பெயர்களை அப்படியே ஏற்றுதல்

பழைய டிக்கெட்டில் ‘@’ குறியோடு இருக்கும் பெயர், புதிய இடத்தில் முன்பின் அறியாத ஒருவருடையதாக இருக்கலாம். பொதுக் களஞ்சியமாக இருந்தால் உங்கள் பழைய வாக்குவாதங்கள் அவருக்கு மின்னஞ்சலாகப் போய்ச் சேரும். தவிர, சாதாரண ஏபிஐ (நிரல் மூலம் தளத்தோடு பேசும் வழி) வழியாக ஏற்றப்படும் டிக்கெட்டுகள் எல்லாம் ஏற்றியவரின் பெயரிலும் ஏற்றிய தேதியிலுமே பதிவாகும் என்பதால், முதலில் எழுதியவரையும் நாளையும் உரையின் முதல் வரியில் சேர்த்துவிட வேண்டும்.

வெளியீட்டுக் குறிகள் மோதுதல்

ஒவ்வொரு களஞ்சியத்திலும் ‘வி1.0’ என்றொரு டேக் இருக்கும். இணைப்பதற்கு முன் டேக்குகளுக்கும் திட்டப் பெயரை முன்னொட்டாக்குங்கள்.

பெரிய கோப்புகள்

100 மெபிபைட்டுக்கு மேற்பட்ட கோப்பைக் கிட்ஹப் ஏற்காது. இன்று நீக்கிவிட்டாலும் வரலாற்றில் இருந்தால் போதும், புஷ் (களஞ்சியத்தை ஏற்றுவது) நிராகரிக்கப்படும்.

பழைய சர்வரை உடனே அணைத்தல்

வேண்டாம். எழுதும் உரிமையை மட்டும் அன்றே நிறுத்திவிட்டு, படிப்பதற்குத் திறந்து வையுங்கள்.