பழைய புல்வெட்டு டிராக்டரைச் சீராக்கிய என் அனுபவம்

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், ஏறத்தாழ ஓர் ஏக்கர் புல்தரையுள்ள வீட்டுக்குக் குடிவந்தபின், கையால் தள்ளும் இயந்திரம் போதாது என்பதால் பழைய புல்வெட்டு டிராக்டர் ஒன்றை வாங்கினேன். விலை பேசுமுன் நான் குனிந்து பார்த்தது கத்திகளை மூடியிருக்கும் தகட்டுக் கூட்டின் அடிப்பகுதியைத்தான்; எஞ்சினைப் பழுதுபார்த்துவிடலாம், துருவேறி ஓட்டை விழுந்த கூட்டை மாற்றுவதோ பெருஞ்செலவு.

எஞ்சின் உடனே இயங்கியது. ஆனால் அதன் வேகம் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. எஞ்சினுக்குள் போகும் காற்றைக் குறைக்கும் சோக்கைப் பாதி இழுத்ததும் ஓட்டம் சீரானதால், காற்றுக்கு ஏற்ற அளவு பெட்ரோல் போய்ச் சேரவில்லை என்பது தெளிவாயிற்று. குளிர்காலம் முழுவதும் தொட்டியில் கிடக்கும் பெட்ரோல் பிசினாகப் படிந்து, பெட்ரோலையும் காற்றையும் கலந்து தரும் கார்புரேட்டரின் நுண்துளைகளை அடைத்துவிடும். மிதவைக் கிண்ணத்தைக் கழற்றி, பெட்ரோல் பாயும் நுண்துளையுள்ள பித்தளைத் துண்டான ஜெட்டை வெளியே எடுத்து, கார்புரேட்டர் கிளீனர் தெளித்து, மின்வயரிலிருந்து உருவிய ஒற்றைச் செம்பு இழையால் துளையைத் திறந்தேன். எஃகு ஊசியைச் செருகினால் பித்தளைத் துளை அகன்று, கலவையின் அளவே மாறிவிடும். இணைப்பில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட்டையும் பெட்ரோல் ஃபில்டரையும் புதிதாக மாற்றினேன்.

எஞ்சின் தற்செயலாக இயங்கிவிடாதபடி ஸ்பார்க் பிளக்கின் வயரைக் கழற்றிவைத்த பிறகே கத்திகளைத் தொட்டேன். இதை எக்காரணத்தாலும் தவிர்க்கக் கூடாது. தீட்டிய கத்தியை நடுத்துளையில் ஆணியில் தொங்கவிட்டுச் சமநிலை பார்க்க வேண்டும். ஒருபக்கம் கனத்தால் அதிர்வு பேரிங்கைக் கெடுத்துவிடும். கடைசியாக, டயர்களின் காற்றைச் சரிபார்த்து, கத்தியின் முன்முனை பின்முனையைவிட 3 முதல் 6 மில்லிமீட்டர் தாழ்ந்திருக்குமாறு கூட்டைத் திருகி அமைத்தேன். இப்போது புல் ஒரே மட்டமாக வெட்டுப்படுகிறது.