பாடகருக்கு 31 செய்வது எப்படி

எங்கள் வாசிகசாலைப் பெடியள் போன கிழமை வந்து, "அங்கிள், நீங்கள் வைக்கிற மாதிரி ஒரு அஞ்சலி நாங்களும் வைக்கவேணும், என்னென்ன தேவை?" என்று கேட்டார்கள். வாயால் சொன்னால் படலை தாண்டுவதற்குள் பாதி மறந்துவிடும். அதனால் எழுதிக் கொடுக்கிறேன்.

எண்பதுகளில் யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியில் ஒரு றெக்கோடிங் பாரில், கசெற்றில் பாட்டுப் பதிந்து கொடுக்கிற கடையில், வேலை செய்தவன் நான். சனம் கொப்பி ஒற்றையில் பாட்டு லிஸ்ட் எழுதிக்கொண்டு வரும். அறுபது நிமிடக் கசெற்றில் பக்கத்துக்கு ஆறோ ஏழோ பதிந்து கொடுப்போம். எஸ்.பி.பி., வாணி ஜெயராம், பவதாரிணி, ஜெயச்சந்திரன் என்று இதுவரை நாலு பேருக்கு எங்கள் ஊர் இணுவிலில் அஞ்சலி வைத்திருக்கிறேன். முதலாவது பிழையாய்ப் போனது. மற்ற மூன்றும் பரவாயில்லை.

முதலில், ஆள் உண்மையிலேயே போய்விட்டாரா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள். வாட்ஸ்அப்பில் வந்ததை நம்பி ஒரு பாடகியின் படத்துக்கு முன்னால் விளக்குக் கொளுத்திவிட்டு, இரவுச் செய்தியில் அவர் சுகமாக இருக்கிறார் என்று கேட்டு விளக்கை அணைத்தவர்கள் நாங்கள்.

அடுத்தது நாள். எஸ்.பி.பி. 2020 செப்டெம்பர் 25, வெள்ளிக்கிழமை போனார். ஞாயிற்றுக்கிழமையே கூட்டம் வைத்தோம். வந்தவர்கள் எல்லாரும் ரீவியில் கேட்டதையே திருப்பிச் சொன்னார்கள். ஒருவர் ஐம்பது நிமிடம் பேசினார், ஒரு பாட்டும் போட முடியவில்லை. அதற்குப் பிறகு, எங்கள் வீடுகளில் செத்தவர்களுக்குச் செய்கிற மாதிரி 31ஐ, அதாவது முப்பத்தோராம் நாளை, ஒட்டி வருகிற ஞாயிறுதான். அதற்குள் ஆரவாரம் அடங்கிவிடும். சொந்தமாகச் சொல்ல ஏதாவது இருக்கிறவர்கள் மட்டும் வருவார்கள்.

பேச்சாளர் வேண்டாம். வாழ்க்கை வரலாறு ஐந்து வரி போதும், அதையும் யாராவது பள்ளிக்கூடப் பிள்ளை வாசிக்கட்டும். வாணி ஜெயராம் என்றால், மூன்று முறை தேசிய விருது வாங்கியவர், 2023 ஜனவரியில் பத்மபூஷண் அறிவித்தார்கள், அதைக் கையில் வாங்க முன்னமே பெப்ரவரி 4இல் போய்விட்டார். இவ்வளவுதான். மிச்சம் எல்லாம் போனில் இருக்கிறது. போனில் இல்லாதது, அந்தக் குரலை நீங்கள் எங்கே இருந்து கேட்டீர்கள் என்பதுதான். வருகிறவர்களிடம் முதலே சொல்லிவிடுங்கள்: ஆளுக்கு ஒரு பாட்டு, அதைக் கேட்ட இடம், காலம். மூன்று நிமிடம்.

பவதாரிணி 2024 ஜனவரி 25இல் கொழும்பில் இறந்தார். சிகிச்சைக்கு வந்த இடத்தில், 47 வயதில். இந்த நாட்டில் வைத்து உயிர் போனது எங்கள் சனத்துக்கு ஒரு மாதிரி இருந்தது. அவருடைய அஞ்சலிக்குத்தான் சனம் அதிகம். கதிரை காணாமல் பாய் விரித்தோம்.

பாட்டுப் போட முன்னர் படம், பாடியவர், இசை, எழுதியவர் நாலையும் சொல்லுங்கள். இலங்கை வானொலியில் ராஜேஸ்வரி சண்முகமும் அப்துல் ஹமீதும் சொன்ன மாதிரி. இதில் கவனம் தேவை. ஜெயச்சந்திரனின் பாட்டைக் கொண்டுவந்து யேசுதாஸ் என்று சொல்கிறவர் ஒவ்வொரு ஊரிலும் ஒருவர் இருப்பார். சண்டை பிடிக்கவேண்டாம். 1958இல் கேரளப் பள்ளி மாணவர் கலைவிழாவில் யேசுதாஸ் பாட்டில் முதலாவது, ஜெயச்சந்திரன் மிருதங்கத்தில் முதலாவது என்று சொல்லுங்கள். தவில்காரர் நிறைந்த எங்கள் ஊரில் அதைக் கேட்டதும் சபை நிமிர்ந்து உட்கார்ந்தது.

இனிக் கசெற். போனில் போடலாம்தான். ஆனால் ஒருவர் தன் பழைய கசெற்றைக் கொண்டுவந்தால் அதையே போடுங்கள். எடுத்த உடனே பிளேயை அமத்தாதீர்கள். வெளிச்சத்தில் பிடித்து, நாடாச் சுற்றின் ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சணம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதை ரேப் றெக்கோடரில் போடவேண்டாம், மற்றக் கசெற்களுக்கும் தொற்றும். இல்லாவிட்டால், தொய்ந்த நாடாவைப் பென்சில் விட்டுச் சுற்றி இறுக்குங்கள். பிறகு ஒருமுறை கடைசிவரை ஓடவிட்டு, திருப்பியும் சுற்றுங்கள். வருடக்கணக்கில் ஒட்டிக் கிடந்தது அப்போதுதான் இளகும். வாய்ப்பக்கத்தில் நாடாவுக்குப் பின்னால் சின்னக் கம்பளித் துண்டு ஒன்று இருக்கவேணும். பசை காய்ந்து அது விழுந்திருந்தால் குரல் மங்கித்தான் வரும். இன்னொரு கசெற்றில் இருந்து எடுத்து ஒட்டலாம். ரேப்பின் ஹெட்டைப் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடையுங்கள். பஞ்சு மண்ணிறமாக வரும், வெள்ளையாக வரும்வரை துடையுங்கள்.

வாணி ஜெயராம் அஞ்சலியில் ஒரு அக்கா கொண்டுவந்த கசெற்றுக்குள் லிஸ்டும் இருந்தது. "பாட்டு தெளிவாக இருக்கவேணும்" என்று கீழே கோடு போட்டு எழுதியிருந்தது. அது நான் பதிந்த கசெற். மூன்றாவது பாட்டு தெளிவில்லை.

கரண்ட் இல்லாத தொண்ணூறுகளைப் பற்றி யாராவது கட்டாயம் தொடங்குவார்கள். அப்போது மட்டும் மூன்று நிமிடக் கணக்குப் பார்க்காதீர்கள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவில் இருந்து வயர் இழுத்து, தம்பி கையால் பெடலைச் சுற்ற நான் பாட்டுக் கேட்டிருக்கிறேன். அவனுக்குக் கை உளைந்தால் எஸ்.பி.பி.யின் குரல் தடித்து, இழுபட்டு, கிணற்றுக்குள் இறங்கும். "சுத்தடா" என்றால் திரும்பவும் மேலே வருவார்.

வந்தவர்கள் சொன்னதை ஆளுக்கு இரண்டு வரியாகக் குறித்து, ஒரு தாளின் இரண்டு பக்கத்திலும் அடித்து, பிறகு வீடு வீடாகக் கொடுங்கள். இறந்தவரைப் பற்றி அச்சடித்து 31க்குக் கொடுக்கிற கல்வெட்டுப் புத்தகம் மாதிரி. வெண்பா எழுத ஒரு ஆள் வருவார், அவரையும் விடுங்கள், நாலு வரிக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

செலவு பெரிதில்லை. பிளேன்ரீ, அவித்த கடலை, ஒரு படம். பனர் அடிப்பதானால் பிறந்த வருடத்தை இரண்டு பேர் பார்க்கவேணும்.

நன்றியுரை வைக்காதீர்கள். கடைசிப் பாட்டைக் கசெற்றிலேயே போடுங்கள். முடிந்ததும் ஓடிப்போய் நிற்பாட்டவேண்டாம். வெறும் நாடாவின் இரைச்சல் கொஞ்ச நேரம் கேட்கும், பிறகு பட்டன் தானாக "டக்" என்று மேலே வரும். அதற்குப் பிறகு தேத்தண்ணியைக் கொண்டு வாருங்கள்.