அர்த்தம் தெரியும், வார்த்தை தெரியாது

அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகளிடம் ஒரு புதுச் சொல்லையும் அதற்கு அகராதி தரும் விளக்கத்தையும் கொடுத்து, அந்தச் சொல் வரும்படி ஒரு வாக்கியம் எழுதச் சொன்னார்கள். ஒரு பிள்ளை எழுதியது: “எங்கள் குடும்பம் அடிக்கடி இரோட் செய்யும்.” இரோட் என்றால் அரிப்பது. ஆங்கிலத்தில் எழுதினால் நம் ஈரோட்டுக்குப் போடும் அதே ஐந்து எழுத்துகள்தான். ஆனால் அந்தப் பிள்ளை மனதில் இருந்தது மண்ணரிப்பும் இல்லை, மஞ்சள் சந்தையும் இல்லை. அகராதியில் அந்தச் சொல்லுக்கு எதிரே ‘ஈட் அவுட்’ என்று போட்டிருந்தது. கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று அழிப்பது என்ற பொருளில் போட்டது அது. பிள்ளைக்குத் தெரிந்த ஈட் அவுட், வெளியே ஹோட்டலுக்குப் போய்ச் சாப்பிடுவது. இன்னொரு பிள்ளை, மாரோ என்ற அம்மையார் சூப்பை ‘ஸ்டிமுலேட்’ செய்தார் என்று எழுதியது. ஸ்டிமுலேட் என்றால் தூண்டுவது. விளக்கத்தில் ‘ஸ்டிர் அப்’ என்று இருந்தது, சூப்பைக் கிளறுவதும் ஸ்டிர்தானே? மெட்டிகுலஸ் என்றால் மிகுந்த கவனம் என்று படித்த வேறொரு பிள்ளை, மலையுச்சியிலிருந்து விழாமல் இருக்க மெட்டிகுலஸாக இருந்ததாக எழுதியது. அந்தச் சொல்லோ வேலையில் சின்னச் சின்ன விவரத்தையும் விடாமல் பார்க்கும் கவனத்துக்கு.

ஜார்ஜ் மில்லரும் பட்ரீஷியா கில்டியாவும் 1987-இல் சயன்டிஃபிக் அமெரிக்கன் இதழில் எழுதிய கட்டுரையில் இந்த வாக்கியங்கள் வருகின்றன. முதலில் படித்தபோது நன்றாகச் சிரித்தேன். அப்புறம் என் அக்கா மகளின் நோட்டைப் பார்த்தேன், சிரிப்பு அடங்கிவிட்டது.

அவள் வங்கித் தேர்வுக்குப் படிக்கிறாள். நோட்டில் மூன்று கட்டம்: வார்த்தை, தமிழ் அர்த்தம், சினானிம், அதாவது அதே பொருள் தரும் வேறு சொல். நாளைக்கு இருபது வார்த்தை வீதம் நாற்பது பக்கம் ஓடியிருந்தது. ஒரு பக்கத்தைத் திறந்து, நொட்டோரியஸ் என்ற சொல்லை வைத்து ஒரு வாக்கியம் சொல்லச் சொன்னேன்.

“எங்க பாட்டி அன்புக்கு நொட்டோரியஸ்.”

பாட்டி என்றால் என் அம்மா. “என்னடி இது?” என்றேன்.

“வெல் நோன்னுதானே மாமா போட்டிருக்கு? பேர் போனவங்கன்னு அர்த்தம்.”

போட்டிருந்தது உண்மைதான். ஆனால் அகராதியில் அதற்குப் பின்னால் ‘கெட்ட காரியத்துக்காக’ என்று விளக்கம் தொடர்ந்தது. அவள் போட்ட கட்டத்துக்குள் அவ்வளவு நீளம் அடங்கவில்லை, வெட்டிவிட்டாள். வார்த்தை படிப்பவர்கள் செய்யும் தவறுகளில் அதிகம் பார்த்தது எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். அகராதி விளக்கத்தின் முன்பாதி, அந்தச் சொல் எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது என்று சொல்லும். அந்தக் கூட்டத்தில் மற்றவற்றிலிருந்து எங்கே பிரிகிறது என்பது வாலில் இருக்கும். ஸ்லிம், ஸ்கின்னி இரண்டுக்கும் தலையில் ‘ஒல்லி’ என்றுதான் இருக்கும். மாப்பிள்ளை ஒல்லி என்று தரகர் சொன்னால் பேச்சு தொடரும், நோஞ்சான் என்று சொன்னால் அன்றோடு முறிந்துவிடும். வாலை வெட்டி எழுதியவருக்கு இந்த வித்தியாசம் கடைசிவரை தெரியாது.

அடுத்தது தமிழ்க் கட்டம். ஒரு ஆங்கிலச் சொல்லுக்கு ஒரு தமிழ்ச் சொல் என்று கணக்காக எழுதும் பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு. வெட்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். விருந்தாளி வந்ததும் அம்மா முந்தானைக்குள் ஒளியும் குழந்தை ஷை. மேடையில் மாலை வாங்கும்போது வேட்டி நழுவியவர் எம்பாரஸ்ட். அப்பா சட்டைப்பையில் கை வைத்து மாட்டிக்கொண்டு தலை குனிந்து நிற்பவன் அஷேம்ட். மூன்றுக்கும் எதிரே வெட்கம் என்று எழுதலாம், எதுவும் பொய்யில்லை. ஆனால் வேட்டி நழுவியவரை அஷேம்ட் என்று எழுதினால், அவர் ஏதோ குற்றம் செய்துவிட்டார் போல ஆகிவிடும்.

கடன் இதைவிட ஆபத்து. தமிழில் கடன் என்ற பெயரை அப்படியே வைத்துக்கொண்டு கொடு, வாங்கு என்று வினையை மாற்றுகிறோம். ஆங்கிலத்தில் கொடுப்பதற்கு லெண்ட், வாங்குவதற்கு பாரோ. நோட்டில் ‘பாரோ – கடன்’ என்று மட்டும் எழுதினால் கொடுப்பதா வாங்குவதா என்பது காணாமல் போகிறது. “உங்க பேனாவை பாரோ பண்ணுங்க சார்” என்று கேட்பவர், சாரின் பேனாவைச் சாரையே கடன் வாங்கிக்கொள்ளச் சொல்கிறார். ஞாபகம் வைத்திருக்கும் ரிமெம்பர், ஞாபகப்படுத்தும் ரிமைண்ட் இரண்டும் ‘ஞாபகம்’ என்ற ஒரே கட்டத்துக்குள் விழுவதும் இதே கதைதான்.

இதனால் தமிழ் அர்த்தமே வேண்டாம், ஆங்கிலத்திலேயே யோசியுங்கள் என்று சொல்லும் கட்சியிலும் நான் இல்லை. டாமரிண்ட் என்றால் புளி, முடிந்தது. அதற்கு ஆங்கில விளக்கத்தில் வெப்பமண்டல மரம், பழுப்பு நிற ஓடு, புளிப்பான சதை என்று நாலு வரி படிப்பது நேரத்துக்குப் பிடித்த கேடு. காய், மரம், மீன், நோய், கருவி இவற்றுக்குத் தமிழ்ச் சொல் ஒன்று போதும். உணர்ச்சி, குணம், பேசும் விதம், பார்க்கும் விதம் என்று வரும்போதுதான் ஒற்றைச் சொல் காலை வாருகிறது.

இன்னொரு தவறு வெளியே தெரியாமல் நடக்கும். டிஸ்கஸ் என்ற சொல்லுக்கு ‘டாக் அபவுட்’ என்று விளக்கம் இருக்கும். அந்த அபவுட், டிஸ்கஸுக்குள்ளேயே கரைந்திருக்கிறது. நாமோ அர்த்தத்தை மனப்பாடம் செய்த வேகத்தில், ‘டிஸ்கஸ் அபவுட் த ப்ராப்ளம்’ என்று அதை மறுபடியும் கொண்டுவந்து ஒட்டுகிறோம். ‘பிரச்சினையைப் பற்றி விவாதித்தோம்’ என்ற தமிழும் பின்னாலிருந்து தள்ளுகிறது. ரீச்சுக்கு ‘அரைவ் அட்’ என்று படித்தவர் ‘ரீச்ட் அட் சென்னை’ என்று எழுதுவார். எனக்கு விளக்குங்கள் என்பதை அப்படியே எடுத்துப் போட்டு ‘எக்ஸ்ப்ளெயின் மீ’ என்பார், நடுவில் ஒரு ‘டு’ வேண்டும் என்று விளக்கம் அவருக்குச் சொல்லவில்லை. சொல்வது விளக்கத்துக்குக் கீழே இருக்கும் எடுத்துக்காட்டு வாக்கியம். அதை யார் படிக்கிறார்கள்? நானும் கல்லூரி முடியும்வரை படித்ததில்லை. சின்ன எழுத்தில், சாய்வாக இருக்கும், முக்கியமில்லாத சரக்கு என்று நினைத்துத் தாண்டிவிடுவேன். இன்று வினைச்சொல் என்றால் எடுத்துக்காட்டை முதலில் படித்துவிட்டுத்தான் அர்த்தத்துக்கே போகிறேன்.

முதல் அர்த்தத்தோடு எழுந்து போவதையும் சொல்ல வேண்டும். செட் என்ற மூன்றெழுத்துச் சொல்லுக்கு, 1989-இல் 20 தொகுதிகளாக வந்த ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியில் 400-க்கும் மேற்பட்ட பொருள்கள் இருக்கின்றன. அத்தனையும் யாருக்கும் வேண்டாம். ஆனால் ஒரு சொல்லுக்கு ஒன்றுக்கொன்று நேர்மாறாகவே இரண்டு பொருள் இருக்கலாம் என்பதாவது தெரிந்திருக்க வேண்டும். வங்கியில் லோன் சாங்க்‌ஷன் ஆனால் அனுமதி. ஒரு நாட்டின் மேல் சாங்க்‌ஷன் விதித்தால் பொருளாதாரத் தடை. அக்கா மகள் செய்தித்தாளில் இதைப் பார்த்துவிட்டு, ரஷ்யாவுக்கு அமெரிக்கா எதற்குக் கடன் கொடுக்கிறது என்று கேட்டாள். நம் ஊர் ஆங்கிலத்தில் பழகிய பொருளை உலகம் முழுக்க நம்பினாலும் வம்புதான். 2015-இல் காலேஜிலிருந்து பாஸ் அவுட் ஆனேன் என்று லண்டன்காரரிடமோ நியூயார்க்காரரிடமோ சொன்னால், மயங்கி விழுந்தாயா என்று பதறுவார்.

சினானிம் கட்டம் பற்றி எனக்குக் கொஞ்சம் கோபமே உண்டு. ஒரே பொருள் தரும் பல சொற்களைக் கொத்தாக உருப்போடுவது நமக்குப் புதிதில்லை. திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் சூடாமணி நிகண்டு என்ற பழைய செய்யுள் அகராதியை அப்படித்தான் ஒப்பித்தார்கள். அங்கே அதற்குக் காரணம் இருந்தது. பிள்ளை ஏற்கெனவே தமிழில் புழங்குகிறவன், செய்யுள் படிக்கவும் எதுகை மோனைக்கு ஏற்ற சொல்லைப் பிடிக்கவும் அவனுக்கு அந்தக் கொத்து கைகொடுத்தது. இன்னும் பிடிபடாத மொழியில் அதே வேலையைச் செய்தால் சொற்கள் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்கின்றன. ஒரே பொருள்வட்டத்துச் சொற்களைச் சேர்த்துப் படிப்பது கற்பதைக் கடினமாக்குகிறது என்று 1990-களில் டிங்கம் என்ற ஆய்வாளர் சோதனை செய்து காட்டினார். நியூசிலாந்தின் மொழி ஆய்வாளர் பால் நேஷனும் இதை எச்சரித்து எழுதியிருக்கிறார். எமிக்ரன்ட், இமிக்ரன்ட் இரண்டையும் ஒரே நாளில் படித்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். போகிறவர் யார், வருகிறவர் யார் என்ற குழப்பம் ஆயுளுக்கும் போகாது. ஒன்றை இன்று படித்து, அது நன்றாக ஊறிய பிறகு மற்றதைத் தொட்டால் இந்த வம்பு இல்லை.

அதோடு, பொருள் ஒன்றாக இருந்தாலும் இடம் ஒன்றாக இருக்காது. நமக்குப் பசி எடுக்கும், தாகம் எடுக்கும், ஆனால் தூக்கம் வரும். தூக்கம் ஏன் எடுக்காது என்று வெளிநாட்டுக்காரர் கேட்டால் என்ன சொல்வீர்கள்? அப்படித்தான் சொல்வோம் என்பதைத் தவிர வேறு பதில் இல்லை. தமிழில் பலத்த மழை, பலத்த காற்று என்று ஒரே அடைமொழி இரண்டுக்கும் வருகிறது. ஆங்கிலத்தில் மழை ஹெவி, காற்று ஸ்ட்ராங். ஸ்ட்ராங் ரெயின் என்றால் புரியும், ஆனால் காதில் உறுத்தும். ஆகவே சொல்லைத் தனியாக எழுதாமல் அதன் ஜோடியோடு எழுதுவது நல்லது.

எந்த அகராதி என்பதில் பலர் கவனம் வைப்பதில்லை, கையில் கிடைத்ததைப் புரட்டுகிறார்கள். 1755-இல் சாமுவேல் ஜான்சன் போட்ட புகழ்பெற்ற அகராதியில் நெட்வொர்க் என்ற சொல்லுக்கு விளக்கம் பார்த்தால் ரெடிகுலேட்டட், டெகஸேட்டட், இன்டர்ஸ்டிசஸ் என்று வரும். நெட்வொர்க்கே தெரியாமல் வந்தவர் இந்த மூன்றையும் தேடி இன்னும் மூன்று பக்கம் புரட்ட வேண்டும். ‘பொருட்குப் பொருள் தெரியின் அதுவரம்பு இன்றே’ என்று தொல்காப்பியம் உரியியலில் சொன்னது இதைத்தான்: பொருளுக்கே பொருள் தேடிப் புறப்பட்டால் அதற்கு எல்லை கிடையாது.

இந்த ஓட்டத்துக்கு எல்லை கட்ட முயன்றவர்களில் ஒருவர் டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் வேலை பார்த்த மைக்கேல் வெஸ்ட். வங்காள மாணவர்கள் ஆங்கிலம் படிக்கப் படும் பாட்டைப் பார்த்தவர். 1935-இல் எண்டிகாட் என்பவருடன் சேர்ந்து அவர் வெளியிட்ட அகராதியில், விளக்கம் எழுத 1,490 சொற்களை மட்டுமே பயன்படுத்தினார்கள். அந்த 1,490 தெரிந்தால் மற்ற எல்லாம் திறக்கும். 1978-இல் வந்த லாங்மன் மாணவர் அகராதி சுமார் 2,000 சொற்களில் இதையே செய்தது. 1987-இல் வந்த கோபில்ட் அகராதி இன்னொரு படி போனது. விளக்கத்தையே முழு வாக்கியமாக எழுதியது. ‘பாறையோ மண்ணோ காற்றாலும் கடலாலும் இரோட் ஆனால்’ என்கிற பாணியில் தொடங்கும் விளக்கத்தைப் படித்தவர், ஹோட்டலில் சாப்பிடும் குடும்பத்தை அங்கே கொண்டுவந்து உட்கார வைக்க முடியாது. எது இரோட் ஆகும் என்பது முதல் அடியிலேயே வந்துவிடுகிறது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்களுக்கென்று செய்த இப்படிப்பட்ட அகராதிகள் இன்று போனிலேயே இலவசமாகக் கிடைக்கின்றன. தேடுபெட்டியில் சொல்லோடு ‘மீனிங்’ என்று தட்டி, முதலில் வரும் ஒற்றை வரியோடு நிறுத்திவிடுவதுதான் வருத்தம்.

எந்தச் சொல்லைப் படிப்பது என்பதிலும் ஒரு வீம்பு இருக்கிறது. சசி தரூர் 2018-இல் 29 எழுத்துள்ள ஒரு சொல்லை ட்விட்டரில் போட்டபோது அதை மூச்சுவிடாமல் சொல்லிக் காட்டிய பையன்களை எனக்குத் தெரியும். அவர்களில் ஒருவன் கெட் ஓவர், கெட் பை, கெட் அவே மூன்றையும் குழப்பிக்கொள்வான். ஆங்கிலத்தில் அதிகம் புழங்கும் 2,000 சொற்குடும்பங்கள் (ஒரு சொல்லும் அதிலிருந்து கிளைத்த வடிவங்களும் சேர்ந்தது ஒரு குடும்பம்) சாதாரண உரைநடையில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கை நிரப்பிவிடுகின்றன. அதில் ஓட்டை வைத்துக்கொண்டு அபூர்வச் சொல் சேர்ப்பது, கூரை வேயாமல் வாசலில் வண்ணவிளக்கு கட்டுகிற மாதிரி.

மறதி பற்றி நீட்டி முழக்க வேண்டியதில்லை. அர்த்தக் கட்டத்தைக் கையால் மூடிக்கொண்டு நினைவிலிருந்து சொல்லிப் பாருங்கள், மறுநாள் ஒரு தடவை, நாலு நாள் கழித்து ஒரு தடவை, இரண்டு வாரம் கழித்து ஒரு தடவை. மூடாமல் பத்துத் தடவை வாசிப்பதில் தெரிந்த மாதிரி ஒரு மயக்கம்தான் மிஞ்சும்.

அக்கா மகள் இப்போது நாளைக்கு ஐந்து வார்த்தைதான் எழுதுகிறாள். தேர்வுக்கு இது போதாது என்று அவள் அம்மாவுக்கு என் மேல் வருத்தம். சினானிம் கட்டத்தை அடித்துவிட்டு அந்த இடத்தில் ஜோடிச் சொல்லும் சொந்த வாக்கியமும் எழுதுகிறாள். இரோட் என்ற சொல்லுக்கு எதிரே மண், பாறை, நம்பிக்கை என்று போட்டு, விலைவாசி ஏற்றம் சேமிப்பை இரோட் செய்கிறது என்று ஒரு வாக்கியம் இருந்தது. நொட்டோரியஸ் இருந்த பழைய பக்கத்தையும் புரட்டினேன். பாட்டியின் அன்பு அடிக்கப்பட்டு, மேலே புதிதாக எழுதியிருந்தது: ‘பாட்டி, சீரியல் நேரத்தில் ரிமோட்டை யாரிடமும் கொடுக்காததற்கு நொட்டோரியஸ்.’ பேனாவை வாங்கி டிக் போட்டேன்.