ரோடு பைக்கிற்கு நீடித்து உழைக்கும் டயர்: தேர்வு முதல் பராமரிப்பு வரை

ரோடு பைக், அதாவது தார்ச்சாலையில் வேகமாக ஓட்டுவதற்கான மெல்லிய டயர் கொண்ட சைக்கிள், வாங்கியவர்கள் சில மாதங்களுக்குள் கேட்கும் கேள்வி, பஞ்சரே ஆகாத டயர் எது என்பதுதான். அப்படியொரு டயர் இல்லை. பஞ்சர் அரிதாக ஆகும், பல ஆயிரம் கிலோமீட்டர் தாங்கும் டயர்கள் உண்டு. அவற்றை நெடுங்காலம் ஓட்டியவர்களிடம் பேசிப் பார்த்தால், ஒரே பெயருள்ள டயர் ஒருவருக்கு எட்டாயிரம் கிலோமீட்டர் உழைத்திருக்கும், இன்னொருவருக்கு இரண்டாயிரத்திலேயே கிழிந்திருக்கும். இந்த வேறுபாட்டுக்குக் காரணம் பெரும்பாலும் டயரில் இல்லை. தேர்ந்தெடுத்த அகலத்திலும், வைத்த காற்றின் அளவிலும், ஓட்டி முடித்தபின் டயரைப் பார்க்கும் பழக்கத்திலும் இருக்கிறது. ஆகவே இந்தச் செய்முறையில் வாங்குவதைவிட வாங்கியபின் செய்ய வேண்டியவற்றுக்கே கூடுதல் இடம் கொடுத்திருக்கிறேன்.

படி 1: அளவைப் படித்தறியுங்கள்

இப்போது உங்கள் வண்டியில் இருக்கும் டயரின் பக்கச்சுவரைப் பாருங்கள். 700×25சி என்று ஓர் அளவும், அதனருகே 25-622 என்று இன்னோர் அளவும் அச்சாகியிருக்கும். நீங்கள் நம்ப வேண்டியது இரண்டாவதை. 622 என்பது ரிம்மில் டயர் அமரும் இடத்தின் விட்டம், மில்லிமீட்டரில். 25 என்பது டயரின் அகலம். அகலத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். 622 மட்டும் மாறக் கூடாது.

அகலத்தைக் கூட்ட இடமிருந்தால் கூட்டுங்கள் என்பதே என் முதல் பரிந்துரை. 23 மி.மீ. டயரில் காற்றை மிக இறுக்கமாக வைக்க வேண்டியிருப்பதால், கூரான கண்ணாடிச் சில் பட்டவுடன் ரப்பர் வளைந்துகொடுக்க வழியின்றி வெட்டுப்படுகிறது. 28 மி.மீ. டயர் அதைவிடக் குறைந்த அழுத்தத்தில் ஓடுவதால், பல நேரங்களில் அதே சில்லின்மேல் சற்று அமுங்கிக் கடந்துவிடுகிறது. வாங்குவதற்கு முன், டயருக்கும் ஃபிரேமுக்கும் இடையிலும், டயருக்கும் பிரேக்குக்கும் இடையிலும் எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று அளந்து பாருங்கள். அகலமான டயரைப் போட்ட பிறகும் எல்லாப் பக்கமும் நான்கைந்து மில்லிமீட்டர் மிச்சமிருக்க வேண்டும். ரிம் பிரேக் உள்ள பழைய வண்டிகள் பலவற்றில் 25 அல்லது 28 மி.மீ. வரை செல்லலாம், டிஸ்க் பிரேக் வண்டிகளில் பெரும்பாலும் 32 வரை இடமிருக்கும்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. உங்கள் ரிம் 'ஹுக்லெஸ்' வகையாக, அதாவது டயரின் விளிம்பைப் பற்றிக்கொள்ளும் கொக்கி போன்ற வளைவு இல்லாததாக இருந்தால், அதற்கென்று தயாரிப்பாளர் அனுமதித்த ட்யூப்லெஸ் டயர்களை மட்டுமே போட வேண்டும். அழுத்தமும் 5 பார், அதாவது 72.5 பிஎஸ்ஐ (இரண்டும் காற்றழுத்தத்தின் அலகுகள்) தாண்டக் கூடாது. கீழே சொல்லப்படும் சில டயர்கள் அந்த ரிம்முக்கு ஏற்றவையல்ல.

படி 2: டயரின் வகையைத் தேர்ந்தெடுங்கள்

ரோடு டயரில் மூன்று பகுதிகளைக் கவனித்தால் போதும். நூலால் நெய்த உடல், அதன்மேல் சாலையில் உருளும் ரப்பர், இரண்டுக்கும் நடுவே துளைத்து வருவதைத் தடுக்கும் காப்புப் பட்டை. நீடித்து உழைக்கும் டயர் என்று சொல்லப்படுபவை பெரும்பாலும் இந்தப் பட்டையாலும் பக்கச்சுவரின் வலுவாலும்தான் அந்தப் பெயரைப் பெறுகின்றன.

கான்டினென்டல் நிறுவனத்தின் கேட்டர்ஸ்கின் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதன் பக்கச்சுவரின்மீது பாலிஅமைடு வலை ஒன்று போர்த்தப்பட்டிருக்கும். நடுவிலும் தனிக் காப்புப் பட்டை உண்டு. நெடுந்தூரம் ஓட்டுபவர்கள் இந்த டயரைப் புகழும்போது, பஞ்சர் குறைவு என்பதோடு, பள்ளத்தின் ஓரத்தில் உரசினாலும் பக்கச்சுவர் கிழிவதில்லை என்பதையும் சேர்த்தே சொல்வார்கள். குறை சொல்பவர்களும் உண்டு; ஈரச் சாலையில் பிடிப்பு போதவில்லை என்பதும், ஓட்டும்போது டயர் விறைப்பாகத் தெரிகிறது என்பதும் அவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் இரண்டு குறைகள். இரு தரப்பும் சொல்வது சரிதான் என்பது என் கருத்து. தடித்த உடல் துளைபடுவதையும் தடுக்கிறது, சாலையின் ஏற்ற இறக்கத்துக்கு வளைந்துகொடுப்பதையும் குறைக்கிறது.

அதே நிறுவனத்தின் கிராண்ட் ப்ரீ 5000 பந்தயத்துக்கானது. வேகமும் பிடிப்பும் சிறப்பு, பக்கச்சுவர் மெல்லியது. இதன் காப்புப் பட்டை வெக்ட்ரான் என்னும் இழையால் ஆனது. 1997ஆம் ஆண்டு செவ்வாய்க் கோளில் இறங்கிய பாத்ஃபைண்டர் விண்கலத்தைத் தாங்கிய காற்றுப் பைகளும் இதே இழையால் நெய்யப்பட்டவைதாம். கேட்டர்ஸ்கினுக்கும் கிராண்ட் ப்ரீ 5000-க்கும் நடுவே கிராண்ட் ப்ரீ 4 சீசன் நிற்கிறது: பக்கச்சுவருக்கு வலையும் உண்டு, ஈரத்தில் பிடிப்பும் கேட்டர்ஸ்கினைவிட நன்று என்பது பலரது அனுபவம்.

ஷ்வால்பே நிறுவனத்தின் மாரத்தான் ப்ளஸ் வேறொரு வழியைப் பின்பற்றுகிறது. அதன் ரப்பருக்கு அடியில் 5 மி.மீ. தடிமனுள்ள நெகிழ்வான அடுக்கு ஒன்று இருப்பதால், குத்திய பொருள் ட்யூபை எட்டுவதே அரிது. ஆனால் எடை, பந்தய டயரைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். சுமையேற்றிச் சுற்றுலா செல்பவர்களுக்கும் தினமும் அலுவலகம் சென்று வருபவர்களுக்கும் இது மிகப் பொருத்தம். வேகமாக ஓட்டும் இன்பத்துக்காக ரோடு பைக் வாங்கியவர்களுக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன்.

பெட்டியில் அச்சிடப்பட்ட நூல் எண்ணிக்கையை வைத்து வலுவை அளக்காதீர்கள். எண் கூடினால் நூல் மெல்லியது என்றுதான் பொருள். கேட்டர்ஸ்கினில் 180 என்று போட்டிருப்பது, ஓரங்குலத்துக்கு 60 நூல் உள்ள மூன்று அடுக்குகளின் கூட்டுத்தொகை.

தொடக்கநிலையில் இருப்பவர்களுக்கு என் யோசனை இது: பின்சக்கரத்தில் கேட்டர்ஸ்கின் போன்ற உறுதியான டயர், முன்சக்கரத்தில் 4 சீசன் போன்ற பிடிப்புள்ள டயர். உடல் எடையில் ஏறக்குறைய 60 விழுக்காடு பின்சக்கரத்தின்மேல் விழுகிறது; மிதிக்கும் விசையும் அதன் வழியாகவே சாலைக்குச் செல்கிறது. தேய்வும் பஞ்சரும் அங்கே கூடுதலாக இருப்பது அதனால்தான். முன்சக்கரமோ வழுக்கினால் விழுவதைத் தவிர வேறு வழியில்லை, ஆகவே அங்கே பிடிப்பே முதன்மை. பிரெவே எனப்படும் நெடுந்தூரச் சவாரிகளில் 200 கிலோமீட்டருக்கு 13 மணி 30 நிமிடமும், 600 கிலோமீட்டருக்கு 40 மணி நேரமும் வரம்பு. நள்ளிரவில் சாலையோரம் டார்ச் வெளிச்சத்தில் ட்யூப் மாற்றியவர்கள், அதன்பின் சற்று மெதுவாக உருளும் உறுதியான டயரையே விரும்பித் தேர்வது இயல்பு.

படி 3: டயரைப் பொருத்துங்கள்

ரிம்மின் உட்புறத்தைத் துணியால் துடைத்து, ஆரக்கம்பித் துளைகளை ரிம் டேப் முழுவதும் மூடியிருக்கிறதா என்று பாருங்கள். டயரின் பக்கத்தில் அம்புக்குறி இருந்தால், சக்கரம் முன்னோக்கிச் சுழலும் திசைக்கு அதை நிறுத்துங்கள். டயரின் பெயர் அச்சாகியுள்ள இடம் வால்வுக்கு நேராக வரும்படி வைப்பதைத் தவறாத பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்; இதன் பயன் படி 6-இல் தெரியும்.

முதலில் ஒரு விளிம்பை மட்டும் ரிம்முக்குள் ஏற்றுங்கள். ட்யூபில் உருவம் பெறும் அளவுக்கு மட்டும் காற்றடித்து, வால்வைத் துளையில் நுழைத்து, ட்யூபை உள்ளே செலுத்துங்கள். பிறகு இரண்டாவது விளிம்பை வால்வுக்கு எதிர்ப்புறத்தில் தொடங்கி, இரு கைகளாலும் இரு பக்கமாக ஏற்றிக்கொண்டே வந்து வால்வருகே முடியுங்கள். ரிம்மின் நடுவே ஒரு பள்ளம் இருக்கும். ஏற்றிய பகுதியின் விளிம்புகளை அழுத்தி அந்தப் பள்ளத்துக்குள் இறக்கினால், கடைசி ஒரு சாணுக்குத் தேவையான தளர்ச்சி கிடைக்கும். புதிய டயர் ஏறவில்லை என்று திண்டாடுபவர்களில் பலர் இந்தப் பள்ளத்தைப் பயன்படுத்தாமல் விரல்வலியோடு போராடுகிறார்கள். இரும்பு நெம்புகோலை இந்த இடத்தில் எடுக்காதீர்கள், அது ட்யூபைக் கடித்துவிடும். தேவையானால் பிளாஸ்டிக் லீவர் போதும். ஏற்றி முடிந்ததும் வால்வை ஒருமுறை உள்ளே தள்ளி இழுத்துவிட்டு, ட்யூப் எங்கேனும் விளிம்பின் அடியில் சிக்கியிருக்கிறதா என்று இருபுறமும் சுற்றிப் பாருங்கள்.

இப்படி டயரைக் கழற்றி மாட்டும் வசதியே ஒரு காலத்தில் புதுமை. பழைய காற்று டயர்கள் ரிம்மோடு பசையால் ஒட்டப்பட்டிருந்தன. மிஷ்லான் சகோதரர்கள் கழற்றக்கூடிய டயரைக் கொண்டுவந்த 1891-இல்தான் முதல் பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் சைக்கிள் பந்தயமும் நடந்தது. ஏறக்குறைய 1200 கிலோமீட்டரை மூன்று நாளுக்குள் கடந்து வென்ற ஷார்ல் தெரோன் ஓட்டியது அந்த டயரில்தான்.

படி 4: காற்றழுத்தத்தை நிர்ணயியுங்கள்

பக்கச்சுவரில் எழுதப்பட்டிருப்பது உச்ச வரம்பு. அது பரிந்துரை அன்று. 70 கிலோ எடையுள்ளவர் 25 மி.மீ. டயருக்குப் பின்னால் 85 முதல் 90 பிஎஸ்ஐ, முன்னால் 80 என்று தொடங்கலாம். 28 மி.மீ. என்றால் பின்னால் 75, முன்னால் 70. எடை கூடினால் சற்றுக் கூட்டி, குறைந்தால் குறைத்து, சவாரிக்குச் சவாரி இரண்டு மூன்று பிஎஸ்ஐ மாற்றிப் பாருங்கள். மிகுதியாக அடித்தால் டயர் எளிதில் வெட்டுப்படும். மிகக் குறைத்தால் பள்ளத்தில் ரிம் ட்யூபை நசுக்கும். சாதாரண ட்யூபும் வாரத்தில் சில பிஎஸ்ஐ இழப்பதால், அளவுமானி உள்ள, தரையில் நிறுத்தி அடிக்கும் பம்பு வீட்டில் இருந்தே ஆக வேண்டும். டயருக்குச் செலவழிப்பதற்கு முன் இதற்குச் செலவழியுங்கள்.

கோடையில் டயர் வெடித்துவிடும் என்ற அச்சத்தில் காற்றை வெகுவாகக் குறைப்பவர்கள் இருக்கிறார்கள். 25 டிகிரியில் 85 பிஎஸ்ஐ வைத்த டயர் 45 டிகிரிக்குச் சூடேறினால் அழுத்தம் 92-ஐ ஒட்டித்தான் போகும். குறைக்கத் தேவையில்லை.

படி 5: ஓட்டி முடித்ததும் டயரைப் பாருங்கள்

நீடித்த உழைப்பு என்பது பெரிதும் இந்தப் படியில்தான் அடங்கியிருக்கிறது. பஞ்சர் பெரும்பாலும் பொருள் குத்திய நொடியில் நடப்பதில்லை. கண்ணாடிச் சில் ரப்பரில் பதிந்து, சக்கரம் சுற்றும் ஒவ்வொரு முறையும் சாலையால் அழுத்தப்பட்டு, கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறங்கி, சில நாள் கழித்தே ட்யூபை எட்டுகிறது. இடையில் நீங்கள் அதை எடுத்துவிட்டால் பஞ்சரே இல்லை.

சென்னையிலிருந்து புதுச்சேரி செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலை போன்ற நெடுஞ்சாலைகளில் ஓட்டுபவர்கள் மூன்று பொருள்களைத் தேட வேண்டும். ஒன்று கண்ணாடி. இரண்டாவது, லாரி டயர்கள் கிழியும்போது சாலையோரம் சிதறும் மெல்லிய எஃகுக் கம்பி. தலைமுடி அளவே இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது, காற்றும் மெல்ல மெல்லவே இறங்கும். மூன்றாவது சீமைக் கருவேல முள். தென்மாவட்டங்களில் சாலையோரம் வண்டியை இறக்கி நிறுத்துபவர்களுக்கு இதைத் தனியே விளக்க வேண்டியதில்லை. காப்புப் பட்டையுள்ள டயரையும் இது துளைப்பதுண்டு. ஆகவே நிறுத்தும்போது சக்கரத்தை மண்ணில் உருட்டாமல் தூக்கி வையுங்கள்.

வாரம் ஒருமுறை காற்றைப் பாதியாகக் குறைத்து, நல்ல வெளிச்சத்தில் சக்கரத்தை மெல்லச் சுற்றுங்கள். வெட்டு தென்படும் இடங்களில் டயரை இருபுறமும் அழுத்திப் பிளந்து, முனை மழுங்கிய ஊசியால் உள்ளிருப்பதை எடுங்கள். ஆழமான வெட்டில் ஒரு சொட்டு உடனடிப் பசை விட்டு மூடினால் அதே இடத்தில் மீண்டும் மணல் புகாது. மழையில் ஓட்டிய பிறகு இதைத் தள்ளிப்போடாதீர்கள். ஈரமான ரப்பரைக் கண்ணாடி எளிதாக வெட்டுகிறது.

படி 6: பஞ்சர் ஆனால் காரணத்தைக் கண்டுபிடியுங்கள்

ட்யூபில் காற்றடித்துத் துளையைக் கண்டதும், வால்வுக்கும் துளைக்கும் இடையே உள்ள தூரத்தை டயரில் அளந்து பாருங்கள். பெயரை வால்வுக்கு நேராக வைத்தது இதற்காகத்தான். குத்திய இடம் உடனே அகப்படும். துளை வெளிப்புறத்தில் இருந்தால் முள், கம்பி, கண்ணாடி. அருகருகே இரண்டு கீறல் இருந்தால் காற்றுக் குறைவு. ரிம்மைப் பார்த்த பக்கத்தில் இருந்தால் ரிம் டேப்தான் குற்றவாளி. டயரை மாற்றிப் பயனில்லை. டயரின் உட்புறத்தை விரலால் தடவாமல் துணியால் துடையுங்கள், கம்பி இருந்தால் துணியில் மாட்டும்.

படி 7: மாற்றும் நேரத்தை அறியுங்கள்

பின்டயர் நடுவில் தட்டையாகிப் பெட்டி போலத் தெரிவது தேய்வின் முதல் அடையாளம். சில டயர்களில் ரப்பரில் இரண்டு சிறு குழிகள் இருக்கும். அவை மறைந்தால் மாற்ற வேண்டும். நூல் வெளியே தெரிந்தாலும், எங்கேனும் புடைத்திருந்தாலும், பக்கச்சுவர் வெடிப்பு விட்டிருந்தாலும் கிலோமீட்டர் கணக்குப் பார்க்காமல் கழற்றிவிடுங்கள். கேட்டர்ஸ்கின் வகையில் வலையின் இழைகள் ஓரத்தில் பிரிந்து நிற்பது மட்டும் ஆபத்தன்று, அவற்றைக் கத்தரித்துவிடலாம்.

இரு சக்கரத்திலும் ஒரே டயர் ஓட்டுபவர்கள் புதியதை முன்னால் போட்டு, முன்னால் இருந்ததைப் பின்னால் கொண்டுசெல்ல வேண்டும். தேய்ந்த பின்டயரை முன்னால் கொண்டுவரக் கூடாது. வெவ்வேறு டயர் ஓட்டுபவர்கள் பின்டயரை மட்டும் மாற்றிக்கொண்டு, முன்டயரை வெட்டுக்கும் வெடிப்புக்கும் பார்த்துவந்தால் போதும்.

கழற்றிய டயரை எறிவதற்கு முன், சேதமில்லாத பக்கச்சுவரிலிருந்து இரண்டங்குலத் துண்டு ஒன்றை, கம்பியுள்ள விளிம்பைத் தவிர்த்து வெட்டியெடுங்கள். அதை உதிரி ட்யூபோடு சீட்டுக்குக் கீழுள்ள பையில் வையுங்கள். வழியில் டயரே கிழிந்து ட்யூப் வெளியே பிதுங்கினால், இத்துண்டைக் கிழிசலுக்கு உட்புறமாக, ட்யூபுக்கும் டயருக்கும் நடுவே வைத்து, வழக்கத்தைவிடச் சற்றுக் குறைவாகக் காற்றடித்து வீடு வந்துசேரலாம்.