ஊட்டி பீச் பழத்தில் காப்ளர் செய்வது எப்படி

மே மாதம் பிறந்துவிட்டால் மேட்டுப்பாளையம் தாண்டிக் குன்னூரோ கோத்தகிரியோ, எந்தப் பக்கம் மலையேறினாலும் வழியோரக் கடைகளில் பிளம்ஸும் பீச்சும் குவிந்து கிடக்கும். பிளம்ஸ் வண்டியிலேயே தீர்ந்துவிடும். பீச் அப்படி இல்லை, ஒன்று புளிக்கும், இன்னொன்று பல்லே இறங்காது, வீட்டுக்குக் கொண்டு வந்தால் இரண்டு நாள் தட்டில் கிடந்து அப்புறம் யாரும் சீந்தாமல் போய்விடும். அந்தப் பழத்துக்கு ஏற்ற பலகாரம் காப்ளர்தான். புளிப்பு இருந்தால்தான் இது ருசிக்கும், அதனால் மலைப் பழம் இதற்கென்றே விளைந்தது என்பேன்.

காப்ளர் என்றால் அடியில் சாறோடு பழம், அதன் மேல் கிள்ளிப் போட்ட மாவு, இரண்டும் சேர்ந்து வெந்தது, அவ்வளவுதான். அமெரிக்காவுக்குக் குடிபோன ஆங்கிலேயர்கள், ஊரில் செய்த மாதிரி புட்டிங் செய்யச் சாமானும் வசதியும் இல்லாமல், கிடைத்த பழத்தைக் கனமான இரும்புச் சட்டியில் போட்டு மேலே மாவை வைத்து மூடி, மூடியின் மேலும் தணலைப் போட்டு வேக வைத்திருக்கிறார்கள். தெற்கே ஜார்ஜியா பக்கம் பீச் நிறைய விளைவதால் அங்கே இது வீட்டுக்கு வீடு செய்கிற பண்டம். ஆகவே ஓவன் இல்லாதவர்கள் தயங்க வேண்டாம், இது ஓவனில் பிறந்த பண்டமே இல்லை.

ஆனால் இணையத்தில் கிடைக்கிற அமெரிக்க அளவுகளை அப்படியே போட்டால் நமக்குச் சரிவராது. அவர்கள் பழம் பெரியது, இனிப்பானது, அந்தப் பழத்துக்குப் போட்ட கணக்கு அது. நம் மலைப் பழம் சிறியது, புளிப்பு அதிகம். சர்க்கரை பட்டதும் விடுகிற சாறும் ஒவ்வொரு கூடைக்கு ஒவ்வொரு விதம். அதனால் முதலில் பழத்தைச் சரிக்கட்ட வேண்டும், மாவெல்லாம் அப்புறம்தான். இந்த வரிசையை மாற்றினால் மேலே வெந்தும் அடியில் கொழகொழவென்றும் வந்து நிற்கும்.

பழம் வாங்கும்போது சிவப்பைப் பார்த்து ஏமாறாதீர்கள். வெயில் பட்ட பக்கம் காய்கூடச் சிவந்துதான் இருக்கும். சிவப்புக்கு அடியில் இருக்கிற நிறத்தைப் பாருங்கள், பச்சை மாறி வெளிர் மஞ்சளாகவோ தந்த நிறமாகவோ இருந்தால் முற்றிய பழம். காம்புப் பக்கம் முகர்ந்தால் வாசனை வர வேண்டும். ஒரு கிலோ போதும், ஆறேழு பேர் சாப்பிடலாம். கொஞ்சம் கெட்டியாக இருந்தால் பரவாயில்லை, காகிதப் பையில் ஒரு வாழைப்பழத்தோடு போட்டு வெளியிலேயே வையுங்கள், ஓரிரு நாளில் இளகி வாசனை ஏறும். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும், பறித்த பின் பீச் மெத்தென்று ஆகுமே தவிர இனிப்பு ஏறாது, அந்தக் குறையைச் சர்க்கரைதான் ஈடுகட்ட வேண்டும். இளகாத பழத்தை ஃபிரிட்ஜில் வைக்கவே வைக்காதீர்கள். குளிரில் இருந்தால் சதை சாறு வற்றி மாவு மாவாகிவிடும், பிறகு எதற்கும் ஆகாது.

தோலுரிக்க, கொதிக்கிற தண்ணீரில் பழத்தை முக்கால் நிமிடம் போட்டு எடுத்து உடனே பச்சைத் தண்ணீரில் போட்டால் தோல் கழன்று வரும். கழலவில்லை என்றால் பழம் இன்னும் முற்றவில்லை, கத்தியால் சீவிக்கொள்ள வேண்டியதுதான். சில பழத்தில் கொட்டை தனியாக வரும், சிலதில் சதையோடு ஒட்டிக்கொண்டு வராது. ஒட்டிய பழத்தைப் பிளக்கப் போராட வேண்டாம், மாங்காய்க்குச் செய்கிற மாதிரி கொட்டையைச் சுற்றிச் சீவி எடுங்கள். துண்டு கட்டைவிரல் கனம் இருக்கட்டும், மெல்லியதாக நறுக்கினால் வெந்து கரைந்துவிடும். கொட்டைக்குள் இருக்கிற பருப்பு பாதாம் வாசனை அடிக்கும், அது விஷமுள்ளது, குழந்தைகள் கையில் கிடைக்காமல் குப்பையில் போட்டுவிடுங்கள்.

இனி சர்க்கரை. வெள்ளைச் சர்க்கரை போட்டாலும் ஆகும், ஆனால் கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரை பக்கத்திலேயே கிடைக்கிறபோது நான் வேறெதையும் தொடுவதில்லை. பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் போகிற சர்க்கரை அது, அமெரிக்கர்கள் காப்ளருக்குப் போடுகிற பிரவுன் சுகரைவிட இதன் வாசனை ஆழமானது. தூசி தும்பு இருக்கும், சலித்துக்கொள்ளுங்கள். ஒரு துண்டு பழத்தை வாயில் போட்டுப் பாருங்கள். இனிப்பாக இருந்தால் 80 கிராம், முகம் சுளிக்க வைத்தால் 130 கிராம் வரை போகலாம், நடுத்தரமென்றால் 100. பழம் ரொம்ப இனிப்பாக இருந்தால் அரை மூடி எலுமிச்சை பிழியுங்கள், இல்லாவிட்டால் திகட்டும். ஒரு சிட்டிகை உப்பு, அரை டீஸ்பூன் பட்டைத் தூள், ஜாதிக்காயைத் துருவி ஒரு சிட்டிகை. பொள்ளாச்சிப் பக்கம் தென்னைக்கு ஊடுபயிராகவே ஜாதிக்காய் போடுகிறார்கள், முழுக்காயாக வாங்கி அப்போதைக்கப்போது துருவினால் வாசனையே தனி. ஏலக்காய் போடாதீர்கள், போட்டால் பாயசத்தை நினைவுபடுத்தும், பீச் வாசனை அடிபட்டுப் போகும்.

எல்லாவற்றையும் கலந்து அரை மணி நேரம் எவர்சில்வர் அல்லது பீங்கான் பாத்திரத்தில் வையுங்கள், அலுமினியம் வேண்டாம், புளிப்புப் பட்டால் வாடை வரும். அடியில் சாறு இறங்கி நிற்கும், சில சமயம் ஒரு டம்ளர்கூட. அதை மட்டும் வடித்து வாணலியில் ஊற்றிப் பாதியாகச் சுண்டவிடுங்கள். ஒன்றரை டேபிள்ஸ்பூன் சோள மாவை (கார்ன்ஃப்ளார்) இரண்டு ஸ்பூன் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து அதில் ஊற்றிக் கிளறினால், முதலில் பால் கலந்த மாதிரி மங்கலாக இருப்பது கொதி வந்ததும் கண்ணாடியாகத் தெளியும். அப்போது அடுப்பை அணைத்துவிட்டுப் பழத்தை அதில் கொட்டிப் பிரட்டுங்கள். காப்ளர் செய்வதில் பாதி வேலை இதுதான், சாறு இப்படி ஒரு நிலைக்கு வந்துவிட்டால் அப்புறம் எந்தப் பழமாக இருந்தாலும் அடியில் தண்ணீர் கட்டாது.

மேல்மாவுக்கு மைதா 150 கிராம், நாட்டுச் சர்க்கரை 40 கிராம், பேக்கிங் பவுடர் ஒன்றரை டீஸ்பூன், ஆப்ப சோடா கால் டீஸ்பூன், உப்பு கால் டீஸ்பூன். கோதுமை மாவு சேர்க்க ஆசைப்படுகிறவர்கள் மூன்றில் ஒரு பங்கு சேர்க்கலாம், அதற்கு மேல் போனால் அழுத்தமாகிவிடும்.

வெண்ணெய் 70 கிராம், ஊத்துக்குளி வெண்ணெய் கிடைத்தால் விடாதீர்கள். கடையில் கட்டி வைத்திருக்கிற மஞ்சள் வெண்ணெயில் உப்பு இருக்கும், இதில் இருக்காது, பாலின் மணம் அப்படியே இருக்கும். ஆனால் நாட்டு வெண்ணெயில் மோர் தங்கியிருக்கும், அதை எடுக்காமல் போட்டால் மாவு ஈரமாகிப் பொரபொரப்பே வராது. ஐஸ் தண்ணீரில் போட்டு விரலால் அழுத்தி அழுத்திப் பிசையுங்கள், தண்ணீர் வெளுக்கும், அதைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றுங்கள், தண்ணீர் தெளிவாக நிற்கும்வரை இப்படிச் செய்து, துணியில் ஒற்றி எடுத்துச் சின்னச் சின்னத் துண்டாக்கி ஃபிரீசரில் வைத்துவிடுங்கள். கோயமுத்தூர், ஈரோட்டு மே மாத வெயிலில் வெண்ணெய் கையில் எடுத்த உடனே உருகிப் போகும், அதனால் மாவையும் பாத்திரத்தோடு அரை மணி நேரம் குளிரில் வைப்பது நல்லது. முடிந்தால் விடிகாலையில் செய்யுங்கள்.

குளிர்ந்த வெண்ணெயை மாவில் போட்டு விரல் நுனியால் நசுக்கி நசுக்கி உதிருங்கள். உள்ளங்கை படக் கூடாது, சூட்டில் உருகிவிடும். பட்டாணி அளவுத் துண்டுகள் அங்கங்கே மிச்சம் இருக்கும்போதே நிறுத்திவிட வேண்டும், வேகும்போது அந்தத் துண்டுகள் உருகி, அதிலிருக்கும் ஈரம் ஆவியாகி மாவைத் தூக்குவதால்தான் உள்ளே பொலபொலவென்று வரும். கடைசியாகப் புளிக்காத கெட்டித் தயிர் 100 மில்லி ஊற்றிக் கரண்டியால் நாலு சுற்று. உலர்ந்த மாவு தெரிந்தால் ஒன்றிரண்டு ஸ்பூன் பால். பிசையவே கூடாது, சப்பாத்திக்குப் பிசைந்து பழகிய கை சும்மா இருக்காது, ஆனால் பிசையப் பிசைய மைதா இழுவையாகிக் கடிக்க ரப்பராக வரும். திட்டுத் திட்டாக, ஒட்டும் பதத்தில் இருப்பதுதான் சரி.

இப்போது பழக் கலவையை மறுபடி அடுப்பில் வைத்து நன்றாகச் சூடேற்றுங்கள். சூடான பழத்தின் மேல் மாவு விழுந்தால் அடிப்பக்கம் உடனே வேக ஆரம்பிக்கும், ஆறிய பழத்தில் போட்டால் மாவின் அடி சாற்றைக் குடித்துக் களியாகிவிடும். எட்டு அங்குலச் சதுரப் பாத்திரத்தில் பழத்தைப் பரப்பி, மாவை ஸ்பூனால் எடுத்து அங்கங்கே இடைவெளி விட்டுப் போடுங்கள். முழுக்க மூடி விடாதீர்கள், ஆவி வெளியே போக வழி வேண்டும். மேலே கொஞ்சம் நாட்டுச் சர்க்கரை தூவினால் மொறுமொறுப்பாக வரும்.

ஓடிஜி என்கிற சின்ன மின்சார ஓவன் வைத்திருப்பவர்கள் மேல் கம்பி, கீழ்க் கம்பி இரண்டையும் போட்டு 190 டிகிரியில் நன்றாகச் சூடேறவிட்டு, நடுத்தட்டில் 35 முதல் 40 நிமிடம் வைக்க வேண்டும். வோல்டேஜ் குறைந்த நேரமென்றால் கூடுதலாகப் பத்து நிமிடம் ஆகலாம். நிறத்தை மட்டும் பார்த்து எடுத்துவிடாதீர்கள். ஓரத்தில் சாறு சீக்கிரமே கொதிக்கும், அது கணக்கில்லை. நடுவில், இரண்டு மாவு உருண்டைகளுக்கு இடையே, குமிழி மெதுவாகப் பெரிதாகக் கிளம்பி உடைய வேண்டும், அப்போதுதான் உள்ளே எல்லாம் கொதித்துக் கெட்டிப்பட்டது என்று அர்த்தம். நடு உருண்டை ஒன்றைக் கத்தி நுனியால் லேசாகப் பிளந்து பாருங்கள், உள்ளே பச்சை மாவு தெரியக் கூடாது. அதற்குள் மேலே கருக ஆரம்பித்தால் ஒரு ஃபாயில் தாளைத் தளர்வாக மூடிவிடுங்கள்.

குக்கரில் செய்வதானால் கேஸ்கட்டையும் விசிலையும் கழற்றிவிட்டு, அடியில் இரண்டு டம்ளர் கல்லுப்பைப் பரப்பி ஸ்டாண்டை வைத்துப் பத்து நிமிடம் காயவிடுங்கள். தண்ணீர் ஊற்றக் கூடாது. எவர்சில்வர் டப்பாவில் பழத்தையும் மாவையும் போட்டு உள்ளே இறக்கி, மூடி, சிறு தீயில் 50 நிமிடம். வெந்துவிடும், ஆனால் மேல் பக்கம் வெளுத்திருக்கும். அதற்கு, இரும்புத் தோசைக்கல்லைப் புகை வரும் அளவுக்குக் காயவைத்து, டப்பாவின் விளிம்பில் மாவைத் தொடாமல் ஐந்தாறு நிமிடம் கவிழ்த்து வைத்தால் ஓரளவு நிறம் பிடிக்கும், கனமான துணி பிடித்துச் செய்யுங்கள், குழந்தைகளைப் பக்கத்தில் விட வேண்டாம்.

எடுத்ததும் பரிமாறக் கை பரபரக்கும், அரை மணி நேரம் பொறுங்கள். சோள மாவு ஆற ஆறத்தான் சாற்றைப் பிடித்து நிறுத்தும், சூட்டோடு எடுத்தால் தட்டெல்லாம் ஓடும். இளஞ்சூட்டில் ஒரு கரண்டி எடுத்து, பக்கத்தில் வெனிலா ஐஸ்கிரீம் ஒரு உருண்டை வைத்தால் ஒரம்பரை வந்த வீட்டில் பேச்சு நின்றுவிடும். ஐஸ்கிரீம் இல்லையா, கெட்டியான எருமைத் தயிரில் துளி நாட்டுச் சர்க்கரை கலந்து வையுங்கள், புளிப்பும் இனிப்பும் சேர்ந்து எனக்கு அதுதான் கூடுதலாகப் பிடிக்கும்.

சீசன் முடிந்தால் மலைப் பீச் கிடைக்காது. டின் பீச்சில் செய்யலாம், பாகை முழுக்க வடித்துவிட்டுச் சர்க்கரையைப் பாதிக்கும் கீழே குறைத்து, எலுமிச்சை கட்டாயம் பிழிய வேண்டும். அதைவிடக் கொஞ்சம் காய்ப்பதமாக இருக்கிற கிளிமூக்கு மாம்பழம் மேல், பிளம்ஸும் நன்றாக வரும், ஆனால் பிளம்ஸுக்குச் சர்க்கரை தாராளமாக வேண்டும்.

மிச்சமானால் ஃபிரிட்ஜில் இரண்டு நாள் தாங்கும். மறுபடி சூடாக்க மைக்ரோவேவ் வேண்டாம், மாவு சவசவத்துப் போகும். ஓடிஜியில் 160 டிகிரியில் பத்துப் பன்னிரண்டு நிமிடம், அல்லது மூடி போட்ட தோசைக்கல்லில் சிறு தீயில் வைத்துச் சூடாக்குங்கள்.