பீஃப் ஸ்ட்ரோகனாஃப்: முதல் முறை செய்கிறவர்களுக்கு

மாட்டிறைச்சியும் காளானும் புளிப்புக் க்ரீமில் சேரும் ரஷ்யச் சமையல் இது. நல்ல இறைச்சி கிடைத்துவிட்டால் அடுப்பு வேலை அரை மணி நேரம்தான். மசாலா அரைக்க வேண்டாம், ஊறவைக்கவும் வேண்டாம். ஆனால் இரண்டு இடங்களில் கவனமாக இருக்க வேண்டும். தொடக்கத்தில் தீ நன்றாக எரிய வேண்டும், இல்லையென்றால் இறைச்சி சிவக்காமல் தண்ணீர் விட்டு வெந்துபோகும். கடைசியில் தீயே இருக்கக் கூடாது, இருந்தால் க்ரீம் திரிந்துபோகும். இந்த இரண்டும் பிடிபட்டுவிட்டால் மற்றதெல்லாம் சுலபம்.

தேவையானவை (நான்கு பேருக்கு)

மாட்டிறைச்சி அரை கிலோ, பட்டன் காளான் 250 கிராம், நடுத்தர வெங்காயம் 2, வெண்ணெய் 30 கிராம், எண்ணெய் 2 மேசைக்கரண்டி, மைதா 1 மேசைக்கரண்டி, எலும்பு சூப் 1 கப், கடுகு பேஸ்ட் 2 தேக்கரண்டி, சவர் க்ரீம் 150 கிராம், உப்பு, மிளகுத்தூள். மேலே தூவச் சதகுப்பைக் கீரை அல்லது பார்ஸ்லி.

ரஷ்யாவில் இதற்குச் சேர்ப்பது ஸ்மெத்தானா என்ற கொழுப்பு மிகுந்த புளிப்புக் க்ரீம். அதுவும் சவர் க்ரீமும் கிடைக்காத ஊரில், துணியில் கட்டித் தொங்கவிட்டு நீர் வடித்த கெட்டித் தயிர் பாதி, ஃப்ரெஷ் க்ரீம் பாதி கலந்துகொள்ளுங்கள். வெறும் தயிர் வேண்டாம். கொழுப்பு குறைந்தால் சூட்டில் சீக்கிரம் திரிந்துவிடும்.

இறைச்சி வாங்குவதும் வெட்டுவதும்

கடையில் 'அண்டர்கட்' என்று கேளுங்கள். முதுகெலும்புக்கு உள்பக்கம் இருக்கும் இந்தத் தசைக்கு மாட்டின் உடலில் அதிக வேலை இல்லை. அதனால் நார் மெல்லியதாக இருக்கும், சில நிமிடங்களில் வெந்துவிடும். விலை கூடுதல்தான். இருந்தாலும் இந்தச் சமையலில் காசு போட வேண்டிய இடம் இதுதான். குழம்புக்கு வாங்கும் தொடைக்கறியை இப்படிச் செய்தால் ரப்பராகிவிடும். அதுதான் கையில் இருக்கிறது என்றால், வதக்கிய பிறகு சூப்பிலேயே மூடிபோட்டு மிருதுவாகும் வரை சிறு தீயில் வேகவிடுங்கள். அதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம்.

இறைச்சியை அரை மணி நேரம் ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் லேசாக இறுகி, வெட்டச் சுலபமாக இருக்கும். நார் எந்தப் பக்கமாக ஓடுகிறது என்று பார்த்து, அதற்குக் குறுக்கே ஒரு செ.மீ. தடிமனில் துண்டு போடுங்கள். பிறகு அவற்றை விரல் நீளக் கீற்றுகளாக நறுக்குங்கள். குறுக்கே வெட்டும்போது நார்கள் குட்டையாகிவிடும், மெல்ல எளிதாக இருக்கும்.

வதக்குதல்

கீற்றுகளைக் காகிதத் துண்டால் ஒற்றி ஈரத்தை எடுத்துவிடுங்கள். இதைத் தவிர்க்கவே கூடாது. மேல்பரப்பில் தண்ணீர் இருக்கும் வரை இறைச்சியின் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. சிவந்து மணம் வருவதற்கு 140 டிகிரியாவது வேண்டும். உப்பும் நீரை வெளியே இழுக்கும், அதனால் வாணலியில் போடுவதற்குச் சற்று முன் உப்பும் மிளகும் தூவினால் போதும்.

அகலமான, அடிகனமான வாணலியை நன்றாகச் சூடாக்கி எண்ணெய் விடுங்கள். இறைச்சியை மூன்று பங்காகப் பிரித்து, ஒரு பங்கை மட்டும் ஒன்றோடொன்று தொடாதபடி பரப்புங்கள். மொத்தத்தையும் கொட்டினால் வாணலி ஆறிவிடும். ஒரு நிமிடம் கிளறாமல் விட்டு, திருப்பி இன்னும் அரை நிமிடம், அவ்வளவுதான். உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும்போதே தட்டுக்கு மாற்றுங்கள், கடைசியில் மறுபடி சூட்டுக்கு வரப்போகிறது. மற்ற இரண்டு பங்குகளையும் இப்படியே வதக்குங்கள்.

காளானும் வெங்காயமும்

அதே வாணலியில் பாதி வெண்ணெய் போட்டு, சற்றுத் தடிமனாக நறுக்கிய காளானைச் சேருங்கள். காளானில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்தான். அது வெளியே வந்து, வற்றி, ஓரங்கள் பழுப்பாகும் வரை பெரிய தீயிலேயே வையுங்கள். அப்புறம் எடுத்து இறைச்சியோடு வைத்துவிடுங்கள்.

மீதி வெண்ணெயில் வெங்காயத்தை மிதமான தீயில் பொன்னிறமாக வதக்கி, மைதாவைத் தூவி, பச்சை வாசனை போக ஒரு நிமிடம் கிளறுங்கள். சூப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, அடியில் ஒட்டியிருப்பதை மரக்கரண்டியால் சுரண்டிவிடுங்கள். இறைச்சியின் ருசி முழுவதும் அதில்தான் இருக்கிறது. நான்கைந்து நிமிடம் கொதித்தால் கெட்டிப்படும்.

இப்போது கடுகு பேஸ்ட். பலர் இதை விட்டுவிடுகிறார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. எலேனா மொலோகோவெட்ஸின் சமையல் நூலின் 1871 பதிப்பில் வந்ததுதான் இந்தச் சமையலுக்கு அச்சில் தெரிந்த மிகப் பழைய செய்முறை. அதன் பெயரே 'ஸ்ட்ரோகனோவ் பாணி மாட்டிறைச்சி, கடுகுடன்' என்பதுதான். அதில் காளானும் இல்லை, வெங்காயமும் இல்லை, இரண்டும் பின்னால் வந்து சேர்ந்தவை. உரால் பகுதியில் உப்புக் காய்ச்சிப் பெரும் செல்வம் சேர்த்த ஸ்ட்ரோகனோவ் குடும்பத்தின் பெயர்தான் இதற்கு. க்ரீமின் கொழுப்பு நாக்கில் திகட்டாமல் இருப்பதற்குக் கடுகின் காரம்தான் காரணம். இஞ்சி பூண்டு விழுது, மிளகாய்த்தூள் எதுவும் வேண்டாம். மற்ற எல்லா ருசியையும் அவை அமுக்கிவிடும்.

க்ரீம் சேர்த்தல்

அடுப்பை அணையுங்கள். க்ரீம் முன்பே ஃப்ரிட்ஜிலிருந்து வெளியே வந்திருக்க வேண்டும். ஒரு கிண்ணத்தில் க்ரீமை எடுத்து, வாணலியிலிருந்து இரண்டு மூன்று கரண்டி சூடான சாற்றை அதில் விட்டுக் கலக்குங்கள். இப்படிச் செய்தால் க்ரீம் மெல்லச் சூடேறும். புளிப்பும் கொதிசூடும் சேரும்போதுதான் பாலின் புரதம் திரளும். பிறகு கிண்ணத்தில் இருப்பதை வாணலியில் ஊற்றிக் கிளறி, இறைச்சியையும் காளானையும், தட்டில் இறங்கிய சாற்றோடு சேருங்கள். சூடு போதவில்லை என்றால் மிகச் சிறு தீயில் ஒரு நிமிடம் வைக்கலாம், கொதி வரக் கூடாது. உப்புப் பார்த்து, கீரை தூவி இறக்குங்கள்.

எதனோடு சாப்பிடுவது

அமெரிக்காவில் முட்டை நூடுல்ஸ், பிரிட்டனில் பெரும்பாலும் சோறு. எனக்குப் பிடித்தது ரஷ்யர்களின் உருளைக்கிழங்குதான். தீக்குச்சி போல மெல்லியதாக நறுக்கி, மாவுச்சத்துப் போகக் கழுவி, நன்றாகத் துடைத்து மொறுமொறுவென்று பொரித்தது. இறைச்சியைத் தொடுவதற்கு முன்பே பொரித்து வைத்துவிடுங்கள். அவ்வளவு பொறுமை இல்லாத நாளில் வெண்ணெய் போட்டு மசித்த உருளைக்கிழங்கும் நன்றாகவே இருக்கும்.

மிச்சமிருந்தால் ஃப்ரிட்ஜில் இரண்டு நாள் வைக்கலாம். மறுபடி சூடாக்கும்போது ஒரு கரண்டி சூப் விட்டு, சிறு தீயில் கிளறிக்கொண்டே சூடாக்குங்கள்.