வர்ஜீனியாவில் டிக்கெட் வாங்கியவர்கள் செய்யும் தவறுகள்: கோர்ட்டுக்குப் போயே ஆக வேண்டிய வழக்குகள்

அமெரிக்காவில் கார் ஓட்டும் நம்மில் பலர், காவலர் சாலையோரம் நிறுத்தி எழுதிக் கொடுக்கும் தாளை ‘டிக்கெட்’ என்று சொல்லிப் பழகிவிட்டோம். அந்தச் சொல்லே பணம் கட்டினால் தீர்ந்துவிடும் காரியம் என்ற எண்ணத்தை உண்டாக்கிவிடுகிறது. பெரும்பாலான சமயங்களில் அது உண்மையும்கூட. ஆனால் வர்ஜீனியா மாநிலத்தில் அந்தத் தாளின் முறையான பெயர் சம்மன். அது அபராதச் சீட்டு என்பதைவிட, குறித்த நாளில் நீதிமன்றத்துக்கு வா என்னும் அழைப்பாணை. பணம் கட்டி ஒதுங்கிக்கொள்வது சட்டம் சில வழக்குகளுக்கு மட்டும் தரும் சலுகை. எந்த வழக்கில் அந்தச் சலுகை இல்லை என்பதை அறியாமல் இருந்துவிடுவதுதான் மற்ற எல்லாத் தவறுகளுக்கும் தொடக்கம்.

வடக்கு வர்ஜீனியாவின் ஃபேர்ஃபாக்ஸ், லௌடன் மாவட்டங்களில் தமிழ்க் குடும்பங்கள் நிறைய வாழ்கின்றன. நியூ ஜெர்சியிலிருந்தும் வட கரோலினாவிலிருந்தும் ஐ-95 நெடுஞ்சாலை வழியாக இந்த மாநிலத்தைக் கடந்து போகிறவர்களும் ஏராளம். இவர்களில் பலருக்கு இந்த மாநிலச் சட்டத்தின் கடுமை, காவலரின் விளக்கு பின்னால் மின்னும்போதுதான் முதன்முதலாகத் தெரியவருகிறது.

வேக வரம்பைவிட 20 மைலோ அதற்கு மேலோ கூடுதலாக ஓட்டினால், அல்லது வரம்பு எதுவாக இருந்தாலும் மணிக்கு 85 மைலுக்கு மேல் போனால், வர்ஜீனியாவில் அது ‘ரெக்லெஸ் டிரைவிங்’, அதாவது பொறுப்பற்ற ஓட்டுதல் என்ற குற்றம். இந்த 85 என்ற எல்லை 2020 ஜூலை வரை 80 ஆகத்தான் இருந்தது. 70 மைல் வரம்புள்ள நெடுஞ்சாலையில் 86 மைலில் போகிறவர் தாம் வரம்பை 16 மைல் மட்டுமே மீறியதாக எண்ணிக்கொண்டிருப்பார். சட்டமோ அவரைக் குற்ற வழக்கில் நிறுத்துகிறது. இதைவிட எளிதாகச் சிக்கவைப்பது ஊருக்குள் இருக்கும் சாலை. 35 மைல் வரம்புள்ள தெருவில் 55, பள்ளி நேரத்தில் 25 ஆகக் குறையும் இடத்தில் 45 என்றாலே போதும். அருகில் யாரும் இல்லை, சாலை காலியாக இருந்தது, யாருக்கும் ஆபத்து நேரவில்லை என்பவற்றையெல்லாம் இந்தப் பிரிவு கேட்பதில்லை. வேகம் ஒன்றே குற்றத்தை நிறுவிவிடும்.

இந்தக் குற்றம், சிறு குற்றங்களில் (மிஸ்டிமீனர்) மிகக் கடுமையான ‘கிளாஸ் 1 மிஸ்டிமீனர்’ என்ற வகுப்பைச் சேர்ந்தது. கடையில் சிறு பொருளைத் திருடுவதும், முதல்முறை குடித்துவிட்டு ஓட்டுவதும் இதே வகுப்புதான் என்று சொன்னால் இதன் கனம் புரியும். உச்சத் தண்டனை 12 மாதச் சிறை, 2,500 டாலர் அபராதம். இவற்றோடு ஓட்டுநர் உரிமத்தை ஆறு மாதம் வரை நிறுத்திவைக்கும் அதிகாரமும் நீதிபதிக்கு உண்டு. முதல்முறை சிக்கியவருக்குச் சிறை என்பது அரிது. ஆனாலும் வேகம் 100 மைலை நெருங்கும்போது, முன்பு எந்தக் குறையும் இல்லாதவரையும் சில நாள்கள் சிறைக்கு அனுப்பும் நீதிபதிகள் இருக்கிறார்கள்.

வேகம் மட்டுமல்ல. நின்றுகொண்டிருக்கும் பள்ளிப் பேருந்தைக் கடந்து போவது, கட்டுப்பாட்டை இழந்து விபத்துக்குள்ளாவது, பந்தயம் ஓட்டுவது, உரிமம் நிறுத்தப்பட்டிருக்கும்போது ஓட்டுவது, விபத்து நடந்த இடத்தில் நிற்காமல் போவது ஆகியவற்றுக்கும் இணையத்தில் பணம் கட்டி முடிக்கும் வழி இல்லை. ஓட்டியவர் 18 வயது நிறையாத பிள்ளையாக இருந்தால், வழக்கு சிறார் மற்றும் குடும்ப நீதிமன்றத்துக்குப் போகும். பெற்றோர் ஒருவரும் உடன் வர வேண்டியிருக்கும்.

கையில் இருக்கும் தாள் எந்த வகை என்று எப்படித் தெரிந்துகொள்வது? அதிலேயே ஒரு கட்டம் உண்டு. இந்தக் கட்டத்தில் குறியிடப்பட்டிருந்து, பின்புறக் குறிப்புகளையும் பின்பற்றினால் மட்டுமே நீங்கள் நீதிமன்றத்துக்கு வராமல் இருக்கலாம் என்ற பொருளில் அதன் வாசகம் அமைந்திருக்கும். கட்டம் வெறுமையாக இருந்தால் போயே ஆக வேண்டும். நியூ ஜெர்சி டிக்கெட்டில் இது தலைகீழ்: அங்கே வர வேண்டிய கட்டாயம் இருந்தால்தான் கட்டத்தில் குறியிடுவார்கள். ஒரு மாநிலத்தில் பழகியவர் மற்றொரு மாநிலத்தில் ஏமாறுவதற்கு இதுவும் காரணம். வர்ஜீனியாத் தாளில் குறி எதுவும் இல்லாததைக் கண்டு, நம்மீது எதுவும் இல்லை என்று நிம்மதி அடைபவர் இருக்கிறார். அந்த நிம்மதி எவ்வளவு ஆபத்தானது என்பதை எண்ணும்போது எனக்குக் கவலையாக இருக்கிறது.

அடுத்த தவறு, கடிதம் வரும் என்று காத்திருப்பது. நீதிமன்ற நாள், நேரம், முகவரி எல்லாம் அந்தத் தாளிலேயே இருக்கின்றன. தனியே நினைவூட்டல் வரும் என்று நம்பக் கூடாது. இணையத்தில் வழக்கைத் தேடிப் பார்த்துக் கட்ட வேண்டிய தொகை எதையும் காட்டவில்லை என்பதால் வழக்கு இன்னும் பதிவாகவில்லை என்று நினைப்பதும் இதே வகைத் தவறுதான். தொகை இல்லாததற்கு அது முன்கூட்டியே கட்ட முடியாத வழக்கு என்பதே காரணமாக இருக்கலாம்.

நீதிமன்றத்தின் பெயரையும் ஒருமுறைக்கு இருமுறை படித்துக்கொள்ள வேண்டும். வர்ஜீனியாவில் எந்த மாவட்டத்திலும் சேராத 38 தனி நகரங்கள் உள்ளன. ரிச்மண்ட் நகரம் வேறு, ரிச்மண்ட் மாவட்டம் வேறு. இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணம். பெயரை மட்டும் பார்த்து வண்டியைக் கிளப்பினால், வழக்கை அழைக்கும் நேரத்தில் தவறான கட்டடத்தின் முன்னால் நின்றுகொண்டிருக்க நேரிடும்.

சாலையோரத்தில் கையெழுத்துப் போட மறுப்பது, பயத்தினால் வரும் தவறு. கையெழுத்திட்டால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். குறித்த நாளில் வருவேன் என்ற உறுதிமொழிதான் அது. குற்றத்தை ஒப்புக்கொள்வதாகாது என்று அந்தத் தாளிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். அந்த இடத்தில் செய்யக் கூடாதது வேறு: எவ்வளவு வேகத்தில் வந்தீர்கள் என்று காவலர் கேட்கும்போது, மரியாதைக்காக ஓர் எண்ணைச் சொல்லிவிடுவது. அந்த எண் அவருடைய குறிப்பில் ஏறி, பின்னர் சாட்சியமாக வரும்.

போகாமல் இருந்துவிட்டால் என்ன ஆகும்? சாதாரண விதிமீறல் என்றால் நீங்கள் இல்லாமலேயே விசாரித்து அபராதம் விதிப்பார்கள். மிஸ்டிமீனர் வழக்கில் கைது ஆணை பிறக்கக்கூடும். வராமல் போனதே இன்னொரு குற்ற வழக்காகவும் மாறலாம். அந்த நாளில் வேலைக்காக வெளியூர் போக வேண்டும், ஊருக்கு விமானச் சீட்டு எடுத்தாயிற்று என்றால், நாள் நெருங்கும் முன்பே நீதிமன்ற அலுவலகத்தைத் தொடர்புகொண்டு வாய்தா கேட்க வேண்டும். கேட்டுவிட்டோம் என்பது போதாது. கிடைத்துவிட்டது என்று உறுதியாகும் வரை பழைய நாளே உங்கள் நாள். வழக்கறிஞரை வைத்தால் நாம் போக வேண்டியதில்லை என்ற நம்பிக்கையும் உண்டு. சில நீதிமன்றங்கள் சில வழக்குகளில் அதை ஏற்கின்றன, சில ஏற்பதில்லை. ஆகவே அந்தக் குறிப்பிட்ட நீதிமன்றத்தின் வழக்கம் என்ன என்று வழக்கறிஞரிடமே தெளிவாகக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

போலீஸ்காரர் வர மாட்டார், வழக்கு தானாகத் தள்ளுபடியாகிவிடும் என்று நண்பர்கள் சொல்லும் ஆறுதலை நம்பி வெறுங்கையோடு போகிறவர்களும் இருக்கிறார்கள். ஒரு காவலரின் வழக்குகள் பலவற்றை ஒரே நாளில் சேர்த்துத்தான் பட்டியலிடுகிறார்கள். அவர் வரவே வாய்ப்பு அதிகம். வந்தாலும் தயாரிப்போடு போகிறவருக்கு நம்பிக்கை உண்டு. குற்றத்தைவிடக் குறைந்த ‘இம்ப்ராப்பர் டிரைவிங்’ (முறையற்ற ஓட்டுதல்) என்ற சாதாரண விதிமீறலாக ரெக்லெஸ் வழக்கை மாற்றும் அதிகாரம் நீதிபதிக்கு இருக்கிறது. அதற்கு 500 டாலர் வரை அபராதம், ஓட்டுநர் பதிவில் 3 தண்டப் புள்ளிகள். ரெக்லெஸ் என்றே தீர்ப்பானால் 6 புள்ளிகள், அந்தத் தீர்ப்பும் 11 ஆண்டுகள் வர்ஜீனியா ஓட்டுநர் பதிவில் நிற்கும். இவ்வளவு பெரிய வித்தியாசத்துக்கு முன்னால், சில மணி நேரத் தயாரிப்பு மிகச் சிறிய விலை.

தயாரிப்பு என்று நான் சொல்வது மூன்றை. முதலாவது, உங்கள் ஓட்டுநர் பதிவின் நகல். சுத்தமான பதிவு பேசும் அளவுக்கு நம் வாய்ச்சொல் பேசாது. இரண்டாவது, பாதுகாப்பாக ஓட்டக் கற்றுத்தரும் எட்டு மணி நேர வகுப்பை நீதிபதி சொல்லும் முன்பே முடித்து வைத்த சான்றிதழ். மூன்றாவது, காரின் வேகமானியைச் சோதித்து வாங்கிய சான்று. மானி உண்மையைவிடக் குறைவாகக் காட்டுகிறது என்று தெரிந்தால், வர்ஜீனியாச் சட்டப்படி அதை நீதிபதி கருத்தில் கொள்ளலாம். இவை எல்லாவற்றையும் தாளில் அச்சிட்டுக் கொண்டு போக வேண்டும். கைப்பேசியை உள்ளே அனுமதிக்காத நீதிமன்றங்கள் இந்த மாநிலத்தில் பல. ஆவணங்கள் அதற்குள் இருந்தால் அவை வாசலிலேயே நின்றுவிடும். ஆங்கிலத்தில் சரளமாகப் பேச இயலாத பெற்றோரின் பெயரில் குற்ற வழக்கு என்றால், கட்டணமின்றி மொழிபெயர்ப்பாளரைக் கேட்டுப் பெறலாம். இதை நாளுக்கு முன்பே சொல்லிவைக்க வேண்டும்.

நீதிபதியின் முன் ‘எல்லோரும் அந்த வேகத்தில்தான் போனார்கள்’ என்று சொல்வது, நானும் போனேன் என்று ஒப்புக்கொள்வதே ஆகும். அதைத் தற்காப்பாக எண்ணிச் சொல்லிவிட்டு, திரும்ப எடுக்க முடியாமல் நிற்பவர்களுக்காக மனம் வருந்துகிறது.

விசாவில் இருப்பவர்கள் இன்னொரு கணக்கையும் போட வேண்டும். ரெக்லெஸ் என்று தீர்ப்பானால் அது குற்றத் தண்டனை. விசா விண்ணப்பப் படிவமான டிஎஸ்-160, எந்தக் குற்றத்துக்காகவாவது கைதானதோ தண்டிக்கப்பட்டதோ உண்டா என்று கேட்கிறது. அங்கே இல்லை என்று எழுதினால், பழைய குற்றத்தைவிட அந்தப் பொய்யே பெரிய சிக்கலாகும். குடித்துவிட்டு ஓட்டியதாகக் கைதானாலோ, தீர்ப்புக்குக் காத்திராமலேயே விசாவை அமெரிக்க வெளியுறவுத் துறை ரத்து செய்யக்கூடும். ஆகவே இப்படிப்பட்ட வழக்கில் போக்குவரத்து வழக்கறிஞரோடு குடிவரவு வழக்கறிஞரிடமும் தீர்ப்புக்கு முன்பே பேசிவிட வேண்டும். வழக்கு எப்படி முடிந்தாலும், நீதிமன்ற முத்திரையிட்ட தீர்ப்பு நகலை வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொள்வது நல்லது. குடியுரிமை விண்ணப்பத்தின்போது அதைக் கேட்க வாய்ப்பு உண்டு.

தீர்ப்பு பாதகமாக வந்தால் உடனே அபராதத்தைக் கட்டிவிட்டு வீடு திரும்பி, பல வாரங்கள் கழித்து வருந்துவது கடைசித் தவறு. மாவட்ட நீதிமன்றத் தீர்ப்பை எதிர்த்து சர்க்யூட் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யத் தீர்ப்பு நாளிலிருந்து 10 நாள்கள் இருக்கின்றன. அங்கே வழக்கு முதலிலிருந்து புதிதாக நடக்கும், முந்தைய தீர்ப்பைவிடத் தண்டனை கூடுவதற்கும் இடமுண்டு. ஆகவே அந்தப் பத்து நாளின் முதல் இரண்டு, மூன்று நாள்களுக்குள் வழக்கறிஞரைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும்.